முனியாண்டிக்கு ஒரு போத்தல்

என் கல்லீரலைப் பற்றித் தெருவே பேசியது என்றால், அதற்கு முழுக் காரணம் என் மனைவி புனிதாதான். வேறு வீடுகளில் புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு கவலைப்படுவார்கள். புனிதா கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு திட்டுவாள். கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் தாமானின் கோடி வீட்டு மலாய்க்கார அம்மா, குப்பை போட வரும்போதெல்லாம் என் வயிற்றைப் பார்த்து மலாயில் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

நான் வேலாயுதம். தெலுக் பங்லிமா காராங்கில் மேசை நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியே இரத்தம் எடுத்துப் பார்க்கும். இத்தனை வருஷமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன் நான். இந்த முறை கிளினிக்கிலிருந்து போன் வந்தது. டாக்டர் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். அதைப் புனிதா எடுத்துத் தொலைத்தாள். அப்புறம் என்னைத் தனியாக விடுவாளா?

டாக்டர் ஷாமினி சின்னப் பெண். சிரித்த முகம். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், உங்க லிவர் என்ஸைம் கூடியிருக்கு. நாப்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு எண்பத்தெட்டு காட்டுது. டிரிங்ஸ் எடுப்பீங்களா?"

"சும்மா லா டாக்டர். சனிக்கிழமை மட்டும்தான். கூட்டாளியோட ரெண்டு டின் பீரு."

பக்கத்து நாற்காலியில் இருந்த புனிதா எழுந்தே விட்டாள்.

"கேட்டுக்குங்க டாக்டர்! ரெண்டு டின்னாம்! எங்கப்பாவும் ரெண்டு கிளாஸ்னுதான் சொன்னாரு! கடைசி வரைக்கும் ரெண்டே கிளாஸ்தான் சொன்னாரு!"

அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். என் மாமனாரை நான் பார்த்ததில்லை. டெங்கில் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடித்து, கால் வீங்கி, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, புனிதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சம்சுவைக் கடைக்குப் போய் வாங்கி வந்ததும் அவள்தான். "அப்பாவுக்குன்னு கேளு, குடுப்பான்" என்று அனுப்புவாராம். அவர் செத்த பிறகு அவள் கையால் ஒரு போத்தலைத் தொட்டதில்லை. தீபாவளிக்கு விருந்தாளிகள் குடித்துவிட்டுப் போட்டுப் போகும் காலிப் போத்தலைக்கூட நான்தான் எடுத்துப் போடவேண்டும். ஈரல் என்ற வார்த்தை அவளுக்குச் சாவு வீட்டு வார்த்தை.

ஆகையால் அன்றைக்கு டாக்டர் ஏதேதோ சொன்னார். குடியை நிறுத்தச் சொன்னார். அதற்கு மேலும் இரண்டு மூன்று விஷயம் சொன்னார். புனிதா மூக்கைச் சிந்த, நான் டிஷ்யூ எடுத்துக் கொடுக்க, குடி என்ற ஒரே வார்த்தைதான் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

வயிற்றை ஸ்கேன் எடுக்கப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தவர் திரையைக் காட்டி, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்.

"அதுக்கு எதுக்குங்க மிஷினு?" என்றாள் புனிதா. "இந்த மனுஷனுக்கு இருக்கிற கொழுப்பு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குத் தெரியுமே!"

திரும்பி வரும் வழியில், கிள்ளான் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே நீங்க தொட்டீங்கன்னா, நான் ஸ்ரீ கெம்பாங்கான்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். அங்கேயே இருந்துருவேன். இன்னொரு தடவ அதைப் பக்கத்துல உக்காந்து பாக்க என்னால முடியாதுங்க."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நிறுத்திட்டேன் போ," என்றேன்.

நிறுத்தினேன். இதை ஊரறியச் சொல்கிறேன், நிறுத்தினேன். அப்புறம் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே என்மேல் பரிதாபம் வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ரெங்கசாமி டயர் கடைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். அவன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த டின்னைக் கீழே வைத்தான்.

"நீ சும்மா உக்காந்திருக்க நான் மட்டும் குடிக்கிறதா? என்னடா நியாயம்? வா, செண்டோல் சாப்பிடலாம்."

இரண்டு கிழட்டுத் தடியர்கள் செண்டோல் வண்டிக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று கிண்ணத்தை நக்கினோம். வீட்டுக்கு வந்தால் புனிதா கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஊதுங்க."

"என்னது?"

"வாயை ஊதுங்கன்னேன்."

போலீஸ்காரனுக்குக்கூட நான் ஊதியதில்லை. ஊதினேன். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் மணந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், தட்டு நிறைய கேசரி வைத்தாள்.

அது முதல் என் வீட்டில் தினமும் திருவிழா. குடியை விட்ட புருஷனுக்கு வாய் நமநமவென்று இருக்குமாம். அதற்கு இடம் கொடுக்கக் கூடாதாம். காலையில் டின்பால் ஊற்றிய தே தாரிக், பெரிய மக்கில். வேலைக்குப் போகும்போது டப்பாவில் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், பிஸாங் கோரேங். சாயங்காலம் வந்தால் பால் பாயசம், இல்லையென்றால் தேங்காய்ப்பாலில் மிதக்கும் கறுப்புப் புளுட் அரிசிக் கஞ்சி. படுக்கப் போகுமுன் ஈரலுக்குத் தெம்பு வர வேண்டும் என்று மைலோ. அதிலும் டின்பால்தான். கரண்டியை டின்னுக்குள் விட்டு எடுத்து, ஒட்டியிருப்பதைத் தான் நக்கிக்கொள்வாள். எனக்கு ஒரு தட்டு வைத்தால் தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். பழைய பாட்டு கேட்போம், தெருக்கதை பேசுவோம். பொய் சொல்லக் கூடாது, எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷியை விட்டுவிட்டு ரெங்கசாமி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்றுகூட நினைத்தேன்.

கால்சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது.

"குடிய விட்டா உடம்பு தேறும்னு சொல்வாங்க," என்றாள் புனிதா பெருமையாக. "பாருங்க, எப்படித் தேறிட்டீங்க!"

மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை, ஊசி போடும் பெண்ணிடம் ஜோக்கெல்லாம் அடித்தேன். டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். நான் ஒளித்துவிடுவேன் என்று புனிதா முதலிலேயே தன் போன் நம்பரைக் கிளினிக்கில் கொடுத்து வைத்திருந்தாள். ரிசல்ட் வெள்ளிக்கிழமையே அவள் போனுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு வேலை முடிந்து வந்தால் வீட்டில் பாயச வாசனை இல்லை. மேசைமேல் போன். பக்கத்தில் புனிதா.

"நூத்தி நாலு," என்றாள்.

"என்ன நூத்தி நாலு?"

"ஏறியிருக்கு. எண்பத்தெட்டு இப்ப நூத்தி நாலு. எங்க ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடியே, பைத்தியமா உனக்கு? வாரா வாரம் ஊதினேனே!"

"எங்கப்பா வெத்தல போட்டுட்டு வருவாரு. நீங்க செண்டோல் தின்னுட்டு வறீங்க."

ரெங்கசாமியைக் கூப்பிட்டேன். பாவம், டயர் கறை படிந்த கையோடு ஓடி வந்தான்.

"அண்ணி, நான் சாட்சி அண்ணி. சத்தியமா செண்டோல்தான். எனக்கே சட்ட டைட்டாயிருச்சு, பாருங்க."

"கள்ளனுக்குக் கள்ளன் சாட்சியா? நீங்க வாய மூடுங்க தம்பி."

கதவோரம் பார்த்தேன். அவளுடைய நீலப் பை, துணி அடைத்துத் தயாராக நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் மிரட்டவில்லை, உண்மையாகவே போகப் போகிறாள். செய்யாத தப்புக்காக என்னை விட்டுப் போகப் போகிறாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், ஒரு நம்பரை நம்புகிறாள், என்னை நம்பமாட்டேன் என்கிறாளே!

"நான் என்ன பண்ணா நம்புவ?" என்று கத்தினேன்.

"ஞாயித்துக்கெழம முனியாண்டி கோயிலுக்கு வாங்க. சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா நம்புறேன். இல்லன்னா பை ரெடியா இருக்கு."

தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில், பெரிய மரத்தடியில் இருக்கிறது அந்தக் கோயில். லோரிக்காரர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அதைக் கடப்பார்கள். முனியாண்டி முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாக உட்கார்ந்திருப்பார். வேண்டுதல் பலித்தவர்கள் அவருக்குப் பிடித்ததைப் படைத்திருப்பார்கள். சுருட்டு, பொரித்த கோழி, அப்புறம் வரிசையாக ஸ்டவுட் பீர் போத்தல்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் அன்றைக்குப் போத்தல் ஏராளம்.

எனக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "குடிக்கலன்னு சத்தியம் பண்ண, ஒனக்குக் கெடச்ச எடம் இதுதானா?"

"இவருக்குத்தான் குடிக்கிறவன் பொய்யெல்லாம் தெரியும்," என்றாள்.

பூசாரி தட்டில் வெற்றிலை வைத்து அதன்மேல் சூடம் ஏற்றினார். பொய்ச் சத்தியம் செய்து சூடத்தில் அடித்தவன் குடும்பம் விளங்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பயம் உண்டு. அதனால்தான் பாதிப் பேர் கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் அழுதுவிடுவார்கள். எனக்கென்ன பயம்?

"அந்த டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து நான் ஒரு சொட்டு குடிக்கல. முனியாண்டி மேல சத்தியம்!"

பளாரென்று அடித்தேன். சூடம் அணைந்தது. உள்ளங்கையில் கரி. அதை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். இப்போது சிரிப்பாள், மன்னிப்புக் கேட்பாள், நான் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

புனிதா என் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க குடிக்கல."

"அதைத்தானே நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன்!"

"குடிக்காமயே ஏறுதுன்னா..." அவளுக்குக் குரல் உடைந்தது. "அப்ப உள்ள வேற என்னமோ பெருசா இருக்குங்க."

அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் எழுந்து முனியாண்டி முன்னால் போய்க் கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவோரத்துப் பையைத் திறந்து, துணியை ஒவ்வொன்றாக அலமாரிக்குள் திருப்பி வைத்தாள்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகும்போது, நான் கியர் மாற்றும் கையை அவள் விடவே இல்லை. எனக்கு ஓட்டவும் முடியவில்லை, விடச் சொல்லவும் மனசு வரவில்லை.

டாக்டர் ஷாமினி ரிசல்ட்டைப் பார்த்தார், ஸ்கேனை மறுபடி பார்த்தார். "காமாலைக் கிருமி எதுவும் இல்ல. ஸ்கேன்ல கட்டி எதுவும் இல்ல. டிரிங்ஸ்?"

"குடிக்கல டாக்டர்," என்றாள் புனிதா, நான் வாயைத் திறக்குமுன். "முனியாண்டி கோயில்ல சூடத்துல அடிச்சிட்டாரு."

டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் எழுதினாரா என்று தெரியவில்லை. "சரி, எடையப் பாக்கலாம்," என்றார். மெஷினில் ஏறினேன். அவர் புருவம் மேலே போனது. "அங்கிள், ஆறு கிலோ கூடியிருக்கீங்க! என்ன சாப்பிடுறீங்க?"

என் பெண்டாட்டிக்கு அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. புருஷனைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். காலை தே தாரிக்கிலிருந்து, பிஸாங் கோரேங், பாயசம், புளுட் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "படுக்கப் போறப்ப மைலோ டாக்டர், ஈரலுக்குத் தெம்புக்கு. டின்பால் நாலு கரண்டி. குடிய விட்டவரில்ல, பாவம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"ஆன்டி, முதல் நாளே சொன்னேன், ஞாபகம் இருக்கா? டிரிங்ஸ் நிறுத்தணும், இனிப்பக் கொறைக்கணும், எடையக் கொறைக்கணும்னு. குடியால மட்டும்தான் லிவர்ல கொழுப்பு படியும்னு இல்ல. அளவில்லாம இனிப்பும் மாவும் சாப்பிட்டாலும் படியும். அங்கிள் குடிய விட்டாரு, நல்லது. நீங்க அதுக்கு மேலயே ஊட்டிட்டீங்க."

"அப்ப பெருசா ஒண்ணும் இல்லையா?"

"இப்போதைக்கு இல்ல. இப்பவே மாத்தினா லிவர் தானா திரும்பி வந்துரும். அது நல்ல உறுப்பு, மன்னிச்சிரும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கிளினிக்கே அதிரும்படிச் சிரித்தேன். அப்பாடா, சாகப் போவதில்லை! பாயசத்தால் வந்த வினை! புனிதா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆன்டி, நீங்களும் கூட உக்காந்து சாப்பிட்டீங்களா?"

"அவருக்குத் துணைக்கு..."

"அப்படின்னா நீங்களும் கைய நீட்டுங்க."

புனிதாவின் ரிசல்ட் அந்த வாரமே வந்தது. இந்த முறை அவள் போனில் செய்தி வந்ததும் நான் பாய்ந்து எடுத்துவிட்டேன். நூற்றுப் பதினேழு! கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நூற்றுப் பதினேழேதான். என்னைவிடக் கூட!

"பொய்! நான் ஒரு சொட்டு தொட்டதில்லையே!" என்று அலறினாள். "வெளிய தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? புனிதா குடிக்கிறான்னு சொல்லமாட்டாங்களா?"

கடவுள் சில சமயம் நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கிறார். நான் நேராகச் சாமி அறைக்குப் போனேன். சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன். பற்ற வைத்தேன். கொண்டுவந்து, அடுப்படியில் நின்ற அவள் முன்னால் நீட்டினேன்.

"அடி."

"என்னது?"

"எங்க ஒளிச்சு வெச்சுக் குடிக்கிற? சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா நம்புறேன். இல்லன்னா என் பை ரெடியா இருக்கு."

கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டேன். அடுத்து மூடி வந்தது. அப்புறம் அவளே அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூடம் எங்களுக்கு நடுவில் தானாக எரிந்து முடிந்தது.

சிரிப்பு அடங்கியதும், "எங்கப்பாவ ஒரு நாளாவது சூடத்துல அடிக்க வெச்சிரணும்னு எவ்வளவு ஆசப்பட்டேன் தெரியுமாங்க," என்றாள். "சின்னப் பிள்ள கூப்பிட்டா யாரு கோயிலுக்கு வருவா. நீங்க வந்தீங்க."

அந்த வார்த்தையோடு என்னிடம் மிச்சமிருந்த கோபமும் போய்விட்டது. அவள் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். இந்த வயதில் எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் அலமாரியில் இருந்த டின்பால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ரெங்கசாமியிடம் கொண்டுபோனாள். அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"அண்ணி, அவன் தப்பிச்சிட்டான்னு என்னைக் கொல்லப் பாக்கிறீங்களா?"

காலையில் இரண்டு பேரும் தாமானைச் சுற்றி நடந்தோம். புனிதா நடக்கிற வேகத்துக்கு வாயும் ஓடும். கோடி வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் நின்று, தன் ஈரல் என் ஈரலைவிட மோசம் என்று மலாயில் விளக்கமாகச் சொன்னாள். அந்த அம்மாவும் மறுநாள் முதல் எங்களோடு நடக்க வந்துவிட்டார். காப்பி இனிமேல் கோப்பி ஓ கோசோங். பாலும் இல்லை, சீனியும் இல்லை, லோரி எஞ்சினிலிருந்து வடித்தது போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு," என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டோம். சோறு பாதியானது, கீரை இரட்டிப்பானது. சனிக்கிழமை நானும் ரெங்கசாமியும் இளநீர் குடித்தோம். பழக்க தோஷத்தில் அவளும் கதவடியில் நின்று, "ஊதுங்க," என்பாள். நானும் ஊதிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அடுத்த பரிசோதனையில் எனக்கு நாற்பத்தேழு. புனிதாவுக்கு முப்பத்தொன்பது! டாக்டர் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். என்னைவிட எட்டுக் குறைவு என்று ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் தங்கச்சிக்கு அங்கேயே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

கிளினிக்கைவிட்டு வெளியே வந்ததும், "தவுக்கே கடைக்கு விடுங்க," என்றாள்.

"அங்க என்ன?"

"விடுங்கன்னா விடுங்க."

கடை வாசலில் இறங்கினாள். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். உள்ளே போய் நேராகச் சீனக் கடைக்காரர் தவுக்கேயிடம், "ஸ்டவுட் ஒண்ணு, பெரிய போத்தலு," என்றாள். கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்த எங்கள் கோயில் தேவாரக் குழுப் பெண்கள் இரண்டு பேர் அப்படியே சிலையாகிவிட்டார்கள். எனக்குக் கார் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சாமிக்கு!" என்று அவர்களைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினாள்.

காரில் வந்து உட்கார்ந்ததும்தான் அவள் கையைக் கவனித்தேன். போத்தலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கு முனியாண்டிகிட்ட வேண்டிக்கிட்டேன்," என்றாள். "என் புருஷன் உசுரோட இருக்கணும். இருந்தா, ஒனக்குப் பிடிச்சத நானே கடைக்குப் போயி, நானே தூக்கிட்டு வரேன்னு."

சிறுவயதில் அப்பாவுக்காகத் தூக்கியது. அதற்கப்புறம் இப்போது எனக்காகத் தூக்குகிறாள். வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

கோயிலில் அவளே நடந்துபோய்ப் போத்தலை முனியாண்டி காலடியில் வைத்தாள். பூசாரி மூடியைத் திறந்து, ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றிப் படைத்து, சூடம் காட்டினார். பூசை முடிந்ததும் மிச்சத்தைப் போத்தலோடு என் கையில் கொடுத்தார்.

"பிரசாதம், அண்ணே. எடுத்துக்குங்க."

முக்கால் போத்தல். நுரை இன்னும் அடங்கவில்லை. அந்த வாசனை எனக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் மூக்குக்குக் கிட்டே வராத வாசனை. நான் மெதுவாகப் புனிதாவைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது பிடுங்குவாள், இப்போது கத்துவாள் என்று காத்திருந்தேன்.

அவள் போத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க பாத்துக்குங்க. நான் வண்டியில இருக்கேன்."

போய்விட்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசாரி அடுத்த ஆளுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். மரத்தடியில் நானும் முனியாண்டியும் போத்தலும்தான். ஒரு மடக்குக் குடித்தால் யாருக்கும் தெரியாது. பிரசாதம் என்று சொன்னால் யாரும் தப்பும் சொல்லமுடியாது. அவர் மீசையைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஈரல் கவலை இல்லாத ஒரே ஆளு நீங்கதான்," என்றேன். "நீங்களே வெச்சுக்குங்க."

மிச்சத்தையும் அவர் கிளாஸிலேயே ஊற்றினேன். வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

காருக்கு வந்து கதவைச் சாத்தினேன். பழக்கம் விடுமா? அவள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, ஊதப் போனேன்.

புனிதா என் வாயைக் கையால் பொத்தினாள். சிரித்துக்கொண்டே, "வண்டிய எடுங்க," என்றாள்.